ஆறு, நூறு, சேறு

தராசு என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். எடையளவுத் துறையில் இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. ஒரு கிலோக் கல்லில் நாலு கிராம் தேய்ந்திருந்தால்கூட கடைக்காரரின் கெஞ்சல் அவர் காதில் ஏறாது. அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கவிதை எழுதுவார். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி.

அவளை டைப்பம்மா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் இருபது வருடமாகத் தட்டச்சு அடிக்கிறாள். கணவரின் கவிதைகளை அடித்துக் கொடுப்பதும் அவள்தான். பிடிக்காத வரி வந்தால் விரல்கள் நின்றுவிடும். "என்னங்க இது, நிலா மறுபடியும் வருது? போன வாரம்தானே வந்துட்டுப் போச்சு?" என்பாள். அவர் முனகிக்கொண்டே நிலாவைக் கோடு போட்டு அடித்துவிடுவார். இப்படித்தான் அவர்கள் குடித்தனம் பதினெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவன் அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அக்கா கையில் சாப்பிட்டு, அக்காவின் கல்யாணத்துக்குப் பின் அத்தானின் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவன். வளர்ந்து பட்டாளத்தில் சமையல்காரனாகச் சேர்ந்தான். "துப்பாக்கி பிடிக்கப் போறேன்னு நினைச்சா, கரண்டி பிடிக்கப் போறியாடா?" என்று தராசு கேட்டதற்கு, "அத்தான், துப்பாக்கி இல்லாம ஒரு நாள் ஓட்டிடலாம். சோறு இல்லாம ஓட்ட முடியுமா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

எல்லையில் சண்டை மூண்ட நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் ஏழு வரிச் செய்தி வந்தது. ஆற்றைக் கடக்கும் முயற்சியில் பின்னடைவு. ஒரு காலாட்படைக் கம்பெனி பெரும் இழப்பைச் சந்தித்தது. விவரங்கள் பின்னர் வெளியாகும். கம்பெனியின் எண்ணும் போட்டிருந்தது. தம்பியின் கடிதங்கள் எல்லாவற்றிலும் முகவரியில் இருந்த அதே எண்.

பின்னர் வெளியாகும் என்ற விவரம் வெளியாகவே இல்லை. பட்டாள அலுவலகத்தில் கேட்டால் "பட்டியல் வரல" என்றார்கள். டைப்பம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அழவில்லை. அதுதான் தராசுக்குப் பயமாக இருந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறப்பார். பிறகு எடைக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பன்னிரண்டாவது நாள், லீவு போட்டுவிட்டு, அந்த ஏழு வரிச் செய்தியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

ஆறு என்று தொடங்கினார். எதுகை தானாகவே வந்து வரிசையில் நின்றது. ஆறு, நூறு, வீறு, வேறு, சேறு. ஒரு கம்பெனியில் நூற்றுச் சொச்சம் பேர் இருப்பார்கள் என்று தெரியும். சரியான கணக்கு யாருக்குத் தெரியும்? நூறும் நூறும் என்றால் நாக்கில் நன்றாக உருண்டது. மாலைக்குள் முதல் பாட்டை முடித்து மனைவியிடம் நீட்டினார். அவள் அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அடித்தாள்.

ஆறு மறித்தது, அணிவகுத் திறங்கினர்,
நூறும் நூறுமாய் நெஞ்சை நிமிர்த்தினர்,
சேறு விழுங்கிடச் சிலையென நின்றனர்...

மூன்றாவது வரியில் விரல்கள் நின்றன.

"சேறு வேணாங்க."

"ஏம்மா? மழைக்காலம். ஆத்தங்கரைன்னா சேறு இருக்கத்தானே செய்யும்?"

"இருக்கட்டும். என் தம்பி சேத்துல கிடக்க வேணாம்." சொல்லும்போதே குரல் உடைந்தது. பன்னிரண்டு நாள் வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. தராசு தாளை உருவி, பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

வீறு குறையா வேங்கைகள் சென்றனர்
வேறொரு கரைக்கே, மீண்டவர் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்து முடித்தாள். "இப்ப நல்லாருக்கு," என்றாள். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் கவிதை வந்தது. அதற்குப் பிறகு அது அவர்கள் கையில் இல்லை. வானொலியில் கனத்த குரல்காரர் ஒருவர் வாசித்தார். யாரோ மெட்டுப் போட்டார்கள். பேருந்து நிலையச் சுவரில் 'வீறு குறையா வேங்கைகள்' என்று சுண்ணாம்பில் எழுதினார்கள். தராசு சோதனைக்குப் போன கடைகளில் கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "கும்பிடு எல்லாம் சரி, அந்த அரைக்கிலோக் கல்லை எடுங்க," என்பார்.

டைப்பம்மாவுக்கு மட்டும் வானொலியில் அது வரும்போதெல்லாம் 'மீண்டவர் இல்லை' என்ற இடத்தில், எழுதியவரும் அடித்தவளும் சேர்ந்து அவனை முடித்துவிட்டோமோ என்று தோன்றும். வெளியே சொல்லமாட்டாள்.

ஏழாவது வாரம், எல்லை மருத்துவமனையிலிருந்து இங்கே மாற்றி அனுப்பப்பட்ட காயம்பட்டவர்களின் பட்டியல் தட்டச்சுக்காக அவள் மேசைக்கு வந்தது. இப்படிப் பட்டியல்கள் தினமும் வரும். பொருளைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து அடிப்பது அவள் வழக்கம். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பெயரை அடித்து, வயது முப்பத்தொன்று, வலது கால் எலும்பு முறிவு, சமையல்காரர் என்று அடித்து, ஐந்தாவதுக்குப் போன பிறகுதான் விரல்களுக்கு உறைத்தது. தாளை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு ஓடினாள். தலைமை எழுத்தர் "என்னம்மா, தீப்பிடிச்சிருச்சா?" என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

ஏழாவது வார்டில், சன்னலோரக் கட்டிலில், காலைத் தூக்கிக் கட்டியபடி தம்பி படுத்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். அவளைப் பார்த்ததும், "அக்கா, இந்த ஆஸ்பத்திரி சூப்பை யாரு வைக்கிறது? ஆளைக் காட்டு, ரெண்டு வார்த்தை கேக்கணும்," என்றான். அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஒரு கடுதாசி போடக்கூடாதாடா பாவி?"

"மூணு போட்டேன்க்கா. நான் வந்துட்டேன், அது வரல."

தராசு வந்தபோது கையில் எடைக்கல் பெட்டியோடே வந்திருந்தார். கட்டிலருகே நின்று மச்சானின் முகத்தையே பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் வந்தது அந்தக் கவிஞருக்கு.

கவிதை விஷயம் தம்பிக்கு வார்டு நர்ஸ் மூலம்தான் தெரிந்தது. எழுதியது யார் என்று தெரியாமலே அவள் மேசையில் ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அன்று மாலை தராசு உள்ளே நுழைந்ததும் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

"வாங்க அத்தான். பெத்த தாய் இல்லாத பிள்ளையைச் சைக்கிள்ல வச்சு வளர்த்து, கடைசியில ஒரே வரியில கொன்னுட்டீங்களே!"

தராசு அசடு வழிந்தார். "செய்தியில அப்படித்தான்டா இருந்தது..."

"செய்தியில எத்தனை பேருன்னு இருந்தது?"

"இல்ல. அது... சந்தத்துக்காக..."

"நாங்க நூத்தி எழுபத்தெட்டு பேரு. தினம் மூணு வேளை எண்ணி எண்ணிச் சோறு போட்டவன் நான். கடைக்காரன் நாலு கிராம் குறைச்சா முத்திரை குத்தமாட்டீங்க. நீங்க இருபத்திரண்டு ஆளைக் கூடப் போட்டு வித்திருக்கீங்களே!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். தராசும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்ததை டைப்பம்மா கவனித்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தபடியே சமையலறையைப் பிடித்துக்கொண்டான். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வந்து, "நீ வந்தது சந்தோஷம்தான் தம்பி, ஆனா பாட்டுல யாரும் வரலன்னுதானே இருக்கு?" என்று சந்தேகம் கேட்டார். "அதனாலதான் ரேஷன் கார்டுல இன்னும் பேரைச் சேர்க்கல," என்று அவன் பதில் சொன்னான். இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக இருப்பான். வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவான்.

ஒரு பிற்பகல் அப்படி அவன் எழுந்தபோது தராசு வானொலியை அணைத்துவிட்டு நேராகவே கேட்டார். "மச்சான், நான் எழுதினதுல எது தப்பு? எண்ணிக்கையை விடு. சொல்லு."

தம்பி முக்காலியில் திரும்ப உட்கார்ந்து, நறுக்கிய வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆத்துல ஒருத்தன்கூட இறங்கல அத்தான்."

டைப்பம்மா அடுப்பைத் தணித்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி கடக்கணும்னு உத்தரவு. மேல மலையில பேய்மழை. ஆறு ஏறிடுச்சு, போகாதீங்கன்னு இன்னொரு உத்தரவு வந்திருக்கு. அது வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. கரைக்கு முன்னாடி ஒரு பள்ளம், முழுக்கச் சேறு. இருட்டுல இறங்கிட்டாங்க. முழங்கால், அப்புறம் தொடை, அப்புறம் இடுப்பு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் பின்னால சாப்பாட்டு லாரியில இருந்தேன். கூப்பாடு கேட்டு ஓடினேன். லாரியோட பக்கப் பலகையெல்லாம் பிடுங்கிச் சேத்து மேல போட்டு, படுத்து, கையை நீட்டி இழுத்தோம், நானும் டிரைவரும். ஒன்பது பேரை இழுத்தேன். அப்புறம் வெளிச்சம் வந்துச்சு. வெளிச்சம் வந்ததும் அந்தப் பக்கத்துலேர்ந்து குண்டு வந்துச்சு. லாரி சரிஞ்சு என் கால்ல விழுந்துச்சு. நாப்பத்தொரு பேரு மிஞ்சினோம்."

தம்பி நறுக்கிய வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க அத்தான். கேக்கும்போது எனக்கே மயிர் கூச்செறியுது. ஆனா சேறுன்னு ஒரு வார்த்தை இல்ல பாருங்க. அங்க அதைத் தவிர வேற எதுவுமே இல்ல."

தராசின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் கள்ள எடை போட்டுட்டேன்," என்றார். "பத்திரிகைக்கு எழுதி வாபஸ் வாங்கிக்கறேன்."

"சேறு இருந்துச்சுடா," என்றாள் டைப்பம்மா.

இருவரும் திரும்பினார்கள்.

"அவர் எழுதியிருந்தார். நான்தான் வேணாம்னேன். நீ அதுல கிடக்கிறதை என்னால அடிக்க முடியல. சேத்தை எடுத்தது நான்." கைகளை முந்தானையில் துடைத்தாள், கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "அவரைத் திட்டாதே. திட்டணும்னா என்னைத் திட்டு."

தம்பி முக்காலியிலிருந்து எழுந்தான். பிறகு ஊன்றுகோல் இல்லாமலே, மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். "அக்கா, சின்ன வயசுல நான் சேத்துல விளையாடிட்டு வந்தா, வாசல்லயே நிறுத்தி ஒரு வாளித் தண்ணியை ஊத்துவியே. அதையேதான் இப்பவும் செஞ்சிருக்கே," என்றான்.

வாபஸ் கடிதத்தைத் தராசு அன்றே எழுதினார். அது தபாலுக்குப் போகும் முன் பூட்டுக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

அறுபது வயதிருக்கும். பூட்டுச் சாவிக்கடை வைத்திருக்கிறார். அவர் மகன் அதே கம்பெனி. திரும்பி வந்தவர்களில் ஒருவன் இங்கே இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடித்தாளுக்குள் பத்திரமாக வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எடுத்தார். அந்தக் கவிதைதான். எழுதியவர் எதிரில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆத்துல இறங்கும்போது என் பையன் முன்வரிசையில இருந்தானா?"

தராசு தலையைக் குனிந்துகொண்டார். டைப்பம்மா தம்பியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள், ஆமாம் என்று சொல்லிவிடு என்று. அவள் மறுபடியும் வாளித் தண்ணீரோடுதான் நின்றாள்.

தம்பி பையனின் பெயரைக் கேட்டான். கேட்டதும் அவன் முகம் மாறிற்று. "உயரமா இருப்பாரே... கூடாரத்துக்குள்ள நுழையும்போதெல்லாம் தலையில இடிச்சுக்குவாரு?"

"அவனேதான்! வீட்டுலயும் நிலைப்படியில இடிச்சுக்குவான். நான் பூட்டு மாத்துவேனே தவிர நிலையை உயர்த்த முடியுமா?" என்றார் பூட்டுக்காரர். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, ஆத்துக்கு நாங்க யாரும் போகல. சேத்துல மாட்டிக்கிட்டோம்." தம்பி ஒன்றையும் மறைக்காமல் மெதுவாகச் சொன்னான். "நான் கடைசிப் பலகையை உங்க பையன் பக்கம்தான் நீட்டினேன். அவரு வாங்கல. பக்கத்துல ஒரு குள்ளமான ஆளு. அவனுக்குக் கழுத்துவரைக்கும் வந்துடுச்சு. 'அவனுக்குப் போடு, அவன் குள்ளம். எனக்கு உயரம் இருக்கு, நான் நிப்பேன்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. குள்ளனை இழுத்துக் கரையில போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள வெளிச்சம் வந்துடுச்சு. அப்புறம் அவரை நான் பார்க்கல. அந்த ஆளு உயிரோட இருக்கான். ஏழாவது வார்டுலதான்."

பூட்டுக்காரர் வெகுநேரம் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. டைப்பம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தவர், பத்திரிகைத் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா இதைத் தினமும் படிக்கிறேன்மா. நல்ல பாட்டு. படிச்சா நெஞ்சு நிமிருது. ஆனா இதுல என் பையன் எங்கன்னு தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கல. இப்ப இவரு சொன்னதுல இருக்கான். அவனேதான், அச்சு அசலா."

தராசு அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதை எழுதினது நான்தான் ஐயா. மன்னிச்சிடுங்க."

பூட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிப்பு எதுக்கு? இதையும் எழுதுங்க."

எழுதினார். மூன்று வாரம் பிடித்தது. வாபஸ் கடிதம் மேசையிலேயே கிடந்தது. முதல் கவிதை ஒரே பகலில் ஓடிவந்தது. இது ஒவ்வொரு சொல்லாக இழுக்க வேண்டியிருந்தது. இந்த முறை தம்பி முக்காலியில் காவல் இருந்தான். வேங்கை என்று ஆரம்பித்தாலே இருமுவான். "நாற்பத்தொருவர் எந்தச் சந்தத்துலயும் உட்காரமாட்டேங்கறாங்கடா," என்று தராசு புலம்பினால், "நின்னுக்கிட்டே இருக்கட்டும் அத்தான், அவங்களுக்குப் பழக்கம்தான்," என்பான். டைப்பம்மா அடித்தாள். சேறு என்ற சொல் பதினொரு இடத்தில் வந்தது. பதினொன்றையும் நிறுத்தாமல் அடித்தாள். ஒவ்வொரு முறையும் விசை கொஞ்சம் ஓங்கித்தான் விழுந்தது.

அந்த மாதக் கடைசியில் நகர மண்டபத்தில் நினைவுக் கூட்டம். புகழ்பெற்ற கவிதையை அதன் ஆசிரியரே வாசிப்பார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் குடும்பங்கள். தராசு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு மேடையேறினார். எல்லோரும் 'ஆறு மறித்தது' என்று எதிர்பார்த்துக் காத்திருக்க, அவர் புதியதைத் தொடங்கினார். தவறிப்போன உத்தரவைச் சொன்னார். நூற்றெழுபத்தெட்டு என்றார். முன்வரிசை நெளிந்தது. கூட்ட அமைப்பாளர் மேடையோரம் வந்து கையைக் காட்டினார். தராசு அவரைப் பார்க்கவில்லை. தாளை மட்டுமே பார்த்தார்.

பள்ளச் சேற்றில் பாதி புதைந்தவன்,
"குள்ளன் அவனுக்குப் பலகையைப் போடு,
உள்ளது எனக்கு உயரம்" என்றான்.
வெள்ளை விடியலில் அவனைக் காணோம்.

மூன்றாவது வரிசையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். எல்லோரும் அதிர்ச்சியோடு திரும்பிப் பார்த்தார்கள். ஏழாவது வார்டுக்காரன். கழுத்துப்பட்டையோடு, தரையில் கால் எட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சிரித்துக்கொண்டே அழுதான். "ஆமாங்க, குள்ளன்னுதான் சொன்னான், கடைசிவரைக்கும் மரியாதையே கொடுக்கல," என்றான் யாரிடமோ. பக்கத்தில் இருந்த பூட்டுக்காரர் அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டார். அதற்குப் பிறகு மண்டபத்தில் அழாதவர் இல்லை. அமைப்பாளரின் கையும் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

புதிய கவிதையைப் பத்திரிகை வெளியிடவில்லை. மக்கள் மனம் சோர்ந்துவிடும் என்று ஆசிரியர் வருத்தத்தோடு திருப்பி அனுப்பினார். வானொலியில் பழையதே ஒலித்தது; பாடப்புத்தகத்திலும் அதுவே ஏறியது. தராசை மேலதிகாரி கூப்பிட்டு, எடைக்கல் முத்திரையோடு நிறுத்திக்கொள்ளும்படி சொன்னார். ஆனால் இரண்டாம் நாளே ஒரு தாய் வாசலில் வந்து நின்று, கூட்டத்தில் படித்ததில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். மறுவாரம் ஐந்து பேர். டைப்பம்மா மாலை நேரங்களில் கார்பன் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். வந்தவர்கள் தாளை வாங்கிக்கொண்டு உடனே போய்விடுவதில்லை. தம்பியிடம் தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள். அவன் கரண்டியைக் கையில் வைத்தபடியே யோசிப்பான்: இவர் உப்பு கூடுதலாகக் கேட்பார், அவர் தட்டைத் தானே கழுவுவார், இன்னொருவர் ரொட்டியைப் பையில் ஒளித்து வைப்பார். தராசு ஓர் ஓரமாக உட்கார்ந்து அத்தனையையும் கோழிக் கிறுக்கலில் எழுதிக்கொள்வார். கவிதை வளர்ந்துகொண்டே போனது.

ஒரு நாள் வந்தவர்கள் போன பிறகு அவள் இயந்திரத்தில் புதுத்தாளைச் செருகினாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"ரொட்டி ஒளிச்சு வச்சவருக்கு எதுகை கிடைக்கல."

"கிடைக்காட்டிப் போகட்டும். அப்படியே சொல்லுங்க, அடிக்கிறேன்."